அரிசி ஆலை கம்ப்யூட்டரில் நாற்பது லட்சம் ஃபைல்களை அழித்த அனுபவம்

பிசான அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரம். அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் அண்ணாச்சி காலையிலேயே போன் செய்தார். "தம்பி, எடை போட்டா சீட்டு வர மாட்டேங்கு. கம்ப்யூட்டர் அப்படியே நிக்கி. சட்டுனு வாங்க."

பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வழியாகப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஏழெட்டு டிராக்டர். எடைச் சீட்டு, கேமரா இரண்டையும் ஒரே லினக்ஸ் மெஷின்தான் பார்த்துக்கொள்கிறது. முந்தின இரவு 'இடமில்லை' என்று பிழை வந்திருக்கிறது. கேமரா படங்களை அழித்துவிடலாம் என்று அண்ணாச்சி மகன் காலையில் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறான். எல்லாப் படமும் என்பதற்கு நட்சத்திரக்குறி போட்டதற்கு 'பட்டியல் ரொம்ப நீளம்' என்று மறுத்துவிட்டது. ஃபோல்டரையே அழிக்கச் சொன்னான். அரை மணி நேரம் ஒரு அசைவும் இல்லை. இன்னொரு டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், இன்னொரு ஆர்எம், அப்புறம் மூன்றாவது. நான் உள்ளே நுழைந்தபோது சுவிட்சில் கை வைத்திருந்தான்.

"அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவமா?"

"வேண்டாம்டே, பொறு."

டிஸ்க் கெட்டுப்போனாலும் இதே மாதிரிதான் நிற்கும். அதனால் முதலில் கெர்னலின் (லினக்ஸின் உள்மையம்) செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்தேன். டிஸ்க்கைப் படிப்பதில் பிழை எதுவும் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையும் சுத்தம். காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் பார்த்தால் பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) கால்வாசி இடம் காலி. அதையே ஐ சேர்த்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது: ஐநோட், அதாவது ஃபைலுக்கு ஒன்று என்று தேவைப்படும் பதிவு, கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்திருந்தது. அது ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பில் உள்ள 64 ஜிபி பார்ட்டிஷன். வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்று, மொத்தம் 41,94,304. கேமராவில் ஏதாவது அசைந்தால் ஒரு சின்னப் படம். இரண்டு வருடமாக எல்லாம் ஒரே ஃபோல்டரில். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தால் அதுவும் நிற்கும், ஏனென்றால் எல்லாப் பெயரையும் படித்து வரிசைப்படுத்தின பிறகுதான் அது வாய் திறக்கும். எஃப் சேர்த்துக் கொடுத்தேன், வரிசை பார்க்காமல் பெயர்கள் கொட்டின.

மூன்று ஆர்எம்மும், ஓடும் வேலைகளைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் டி நிலையில் இருந்தன. டிஸ்க்குக்காகவோ பூட்டுக்காகவோ கெர்னலுக்குள் காத்திருக்கும் நிலை அது. வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கொடுத்தாலும் அந்த வேலை முடியாமல் சாகாது. ஒன்றின் மேல், அது கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் ஸ்ட்ரேஸ் மாட்டினேன். அன்லிங்க்அட் (பெயரை நீக்கு), ஒரு படத்தின் பெயர், சைபர் (வெற்றி). மறுபடி அன்லிங்க்அட், அடுத்த பெயர், சைபர். தொங்கவே இல்லை, அழித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஃபோல்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பெயரை நீக்க முடியும். அதனால் மூன்று பேர் சேர்ந்தாலும் வேகம் கூடாது. பூட்டுக்கு வரிசையில் நிற்பார்கள், அவ்வளவுதான். இதற்கு நடுவில் எடைச் சீட்டு எழுத டிஸ்க்குக்கு நேரமே கிடைக்கவில்லை.

மூன்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், சில விநாடிகளில் போய்விட்டன. பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றி, அதே பெயரில் காலி ஃபோல்டர் ஒன்று போட்டேன். ஒரே பார்ட்டிஷனுக்குள் பெயர் மாற்ற ஒரு கணம் போதும், உள்ளே எத்தனை லட்சம் இருந்தாலும் சரி. அதற்குள் சில ஆயிரம் ஐநோட் விடுபட்டிருந்ததால் சீட்டு அச்சடிக்க ஆரம்பித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மீதியை ஆலை ஓய்ந்த பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு, ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளை ஒன்றே ஒன்றிடம் டெலீட் கொடுத்து விட்டேன். சுற்றும் டிஸ்க்கில் முள் இங்கும் அங்கும் ஓடி விநாடிக்கு நூறு அழித்தாலும் நாற்பது லட்சத்துக்குப் பதினோரு மணி நேரம் ஆகும். அண்ணாச்சியிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டேன். "விடியுமுன்னே முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார். அவ்வப்போது டிஎஃப் ஐ பார்த்தேன், எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது.

காலை ஆறரைக்கு முடிந்தது. காலி ஃபோல்டரை எல்எஸ்ஸில் பார்த்தால் அது மட்டுமே 180 எம்பிக்கு மேல் காட்டியது. ஈஎக்ஸ்டி4-ல் வீங்கின ஃபோல்டர் தானாகச் சுருங்காது. அதையும் நீக்கினேன். கேமராப் படங்கள் இனி தேதிவாரி ஃபோல்டரில் விழும்படி மாற்றி, முப்பது நாள் தாண்டினால் அழிக்க, நேரம் வைத்து வேலை செய்யும் கிரானில் ஒரு வரி சேர்த்தேன். வெளியே முதல் டிராக்டர் எடை மேடையில் ஏறிக்கொண்டிருந்தது.