மழைமானிக்குள் குளவிக்கூடு

உடுமலைப்பேட்டை அருகே எங்கள் தென்னந்தோப்பை ஒட்டி நிற்கும் தானியங்கி வானிலை நிலையத்தை மூன்று ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். சென்ற ஐப்பசியில் ஒரு விடியற்காலை, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து, "ஓடையில தண்ணி போகுதுங்க தம்பி, உங்க மெசினு எவ்வளவு மழைன்னு காட்டுது?" என்று கேட்டார். இரவு முழுவதற்கும் 0 மில்லிமீட்டர் என்றே பதிவாகியிருந்தது. மழைமானியைத் திறந்து பார்த்தால், புனலின் அடித்துளையைக் குளவி ஒன்று மண்ணால் முழுவதும் அடைத்துக் கூடு கட்டியிருந்தது.

வெப்பநிலை உணரியின் கம்பி அறுந்தால் திரையில் நம்ப முடியாத ஓர் எண் வந்து நிற்கும். பழுது உடனே தெரிந்துவிடும். அடைபட்ட மழைமானியோ, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் சரியான விடையாக இருக்கும் சுழியத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பராமரிப்பில் நான் மிகவும் அஞ்சுவது இந்தச் சுழியத்தைத்தான்.

எங்கள் மானியின் வாய் விட்டம் 200 மில்லிமீட்டர். உள்ளே சீசா பலகை போல ஏறி இறங்கி ஆடும் இரண்டு சிறு கிண்ணங்களில் ஒன்று நிரம்பிக் கவிழும்போது காந்தம் ஒரு சுவிட்சைக் கடந்து செல்ல, அது 0.2 மில்லிமீட்டர் மழையாகக் கணக்கில் ஏறுகிறது. மானி சரியாக எண்ணுகிறதா என்று அவ்வப்போது தண்ணீர் ஊற்றிச் சோதிப்பேன். 314 மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றினால் அது 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கிண்ணங்கள் 50 முறை கவிழ வேண்டும். சிறு துளையிட்ட பாட்டிலிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டு, கவிழும் ஓசையைக் காதால் எண்ணுவேன். கிண்ணத்தில் சேறு படிந்திருந்தால் குறைந்த நீருக்கே கவிழ்ந்து எண்ணிக்கை கூடிவிடும். வேகமாக ஊற்றினால், கவிழும் அந்த நொடிப்பொழுதில் விழும் நீர் கணக்கில் வராமல் எண்ணிக்கை குறையும். பெருமழையிலும் இதுவே நிகழ்கிறது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த 946 மில்லிமீட்டரை எங்கள் மானி அளந்திருந்தால், அது 4,730 முறை கவிழ்ந்திருக்க வேண்டும். சோதனைக்கு முன், அளவுகளைப் பதிவுசெய்யும் கருவியான டேட்டா லாகரிலிருந்து மழைமானியின் கம்பியைக் கழற்றிவிடுவது கட்டாயம். இல்லையென்றால் வெயிலடிக்கும் நாளில் 10 மில்லிமீட்டர் பொய்மழை பதிவாகிவிடும்.

சூரியக் கதிர்வீச்சு உணரியை நிறுவியபோது வேறொரு பாடம் கற்றேன். கம்பத்தின் நிழல் விழாமலிருக்க அதைத் தெற்குப் பக்கம் பொருத்துமாறு கையேட்டில் எழுதியிருந்தது. அது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே வெகுதூரம் தள்ளியுள்ள நாடுகளுக்குப் பொருந்தும். நமக்கோ, ஏறத்தாழ ஏப்ரல் 18 முதல் ஆகஸ்ட் 25 வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அப்போது நிழல் தெற்கே விழும். ஆகவே, மற்ற எதன் நிழலும் எட்டாதபடி அதைக் கம்பத்தின் உச்சியிலேயே ஏற்றிவிட்டேன். காக்கை எச்சத்தையும் தூசியையும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உணரி சாயாமல் இருப்பதைக் காட்டும் மட்டக்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதால், ஏணி எப்போதும் அருகிலேயே இருக்கிறது.

காற்றுவேகமானியைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் நிறைவில்லை. தடையாக நிற்கும் பொருளின் உயரத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு தள்ளி, 10 மீட்டர் உயரத்தில் அதை வைக்க வேண்டும் என்பது விதி. 15 மீட்டர் தென்னைக்கு அது 150 மீட்டர். அவ்வளவு வெட்டவெளி எங்களிடம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசுவதால், அந்தத் திசையையாவது திறந்துவிடும்படி கம்பத்தைத் தோப்பின் மேற்கு எல்லையில் நட்டோம். கிழக்குக் காற்றின் வேகம் குறைவாகவே பதிவாகும் என்பதை நிலையக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

குளவி நிகழ்ச்சிக்குப் பிறகு, தானியங்கி மானியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றையும் வைத்தேன். காலை 8:30 மணிக்கு அதன் நீரை அளவுகுழாயில் ஊற்றிப் பார்த்து, இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் அருகருகே எழுதுகிறேன். நான் வெளியூர் செல்லும் நாள்களில் அந்தப் பெரியவரே வந்து அளந்து எழுதிவைக்கிறார்.