அது என்னை விட்டுப் போகாதுதானே?

காப்பகங்களிலும், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் தங்கும் இல்லங்களிலும் பதின்வயதுக் கர்ப்பத்தைத் தவிர்ப்பது பற்றி வகுப்பு எடுப்பது என் வேலை. இவர்களுக்கு விவரம் தெரியவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

விவரம் தெரியாது என்பது உண்மைதான். பெயர் எழுதாமல் கேள்வியை மட்டும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வேன். முதல் தடவை என்றால் கரு தங்காதாமே, உடனே குளித்துவிட்டால் போதுமா, இன்னும் வயசுக்கே வரவில்லை அதனால் பயமில்லைதானே என்றெல்லாம் வரும். கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது கை நடுங்கும், அதை எழுதிய பிள்ளைக்கு என்ன வயதிருக்கும், அவளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் வகுப்பு தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: யாராவது உங்களைத் துன்புறுத்துவதாக என்னிடம் சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டேன், உதவி செய்யக்கூடியவர்களிடம் கொண்டு போவேன்.

பதில்கள் தெளிவானவை. முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம், ஆகவே கரு தங்கவும் வாய்ப்புண்டு. விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும், அதனால் 'பாதுகாப்பான நாள்' கணக்கை, அதுவும் மாதவிடாய் ஒழுங்குபடாத வயதில், நம்ப முடியாது. ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பேரில் 2 பேருக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் அது 13 வரை போகிறது. அவசர கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, நாள் தள்ளிப்போகிறதா பார்க்கலாம் என்று காத்திருந்தால் பயனில்லை. இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் சொல்வார். இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்று யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி ஆய்வுகளை வைத்துச் சொல்கிறது.

சரி, ஒருநாள் பெட்டியில் இப்படி ஒரு சீட்டு இருந்தது: "எனக்குக் குழந்தை பிறந்தால் அது என்னை விட்டுப் போகாதுதானே அக்கா?"

யார் எழுதியது என்று நான் தேடவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பலர் நான்கைந்து இடம் மாறி வந்தவர்கள். நான் கொண்டுபோயிருந்த படங்களில் ஒன்றுகூட அந்த வரிக்குப் பதில் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் குழந்தைப் பொம்மையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரவில் அழும், புட்டி வைக்க வேண்டும், தலையைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அதையும் பதிவு செய்துகொள்ளும். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் குழந்தை இப்போது வேண்டாம் என்று தோன்றும் என்பதுதான் யோசனை. ஆனால் ஒரு பெண் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். திருப்பிக் கேட்டபோது நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். 2016-இல் லான்செட் இதழில் வந்த மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வைப் படித்தபோது அவள் முகம்தான் கண்முன் வந்தது. 57 பள்ளிகளில் நடந்த ஆய்வு அது. 20 வயதுக்குள் பிள்ளை பெற்றவர்கள், பொம்மை கிடைத்த குழுவில் 8 சதவீதம், கிடைக்காத குழுவில் 4 சதவீதம். நாங்கள் பொம்மையை நிறுத்திவிட்டோம்.

இப்போது பாதி நேரம் வேறு விஷயங்களுக்குப் போகிறது. 'மாட்டேன் என்றால் அவன் விட்டுவிட்டுப் போய்விடுவான்' என்று எழுதும் பிள்ளைக்கு, வேண்டாம் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. பையன்களையும் உட்கார வைக்கிறோம், முன்பே செய்திருக்க வேண்டும். ஒருமுறையாவது கூடவே நடந்துபோய் கிளினிக் வாசலைக் காட்டிவிடுகிறோம், தனியாகப் போக வேண்டிய நாளில் அந்த வாசல் புதிதாக இருக்கக் கூடாது.

அந்தச் சீட்டுக்கு அடுத்த வாரம்தான் பதில் சொன்னேன். குழந்தை வளரும், ஒருநாள் தன் வழியில் போகும், ஆனால் எனக்கென்று ஒருவர் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை என்றேன். யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒருத்தி மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள், "அடுத்த வாரமும் நீங்கதான் வருவீங்களா?"

வருவேன் என்றேன். அந்த ஆண்டு முழுக்க அந்த இல்லத்துக்கு வேறு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.