ரிங் ரோட்டில் கை காட்டினால்: மாற்றியமைத்த காரும் வண்டிச் சோதனையும்

மதுரைப் பக்கம் சைலன்சர் மாற்றின, கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டின காரை நிறுத்துகிறவர்கள் மூன்று தரப்பு. ஊருக்குள் மாநகரப் போக்குவரத்துப் போலீஸ். மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி பக்கம் போனால் மாவட்டப் போலீஸ். சில நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரும் நிற்பார். போலீஸ் பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தட்டுப்படுவதைத்தான் பிடிக்கும்: கறுப்புக் கண்ணாடி, சத்தம், நம்பர் பிளேட். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்ப்பார். அவரிடம் "ஷோரூம்லயே இப்படித்தான் சார் குடுத்தாங்க" என்பதெல்லாம் எடுபடாது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டம் நம் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: சட்டம் அனுமதிக்காதபடி உரிமையாளர் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு' என்பதைக் கவனியுங்கள். சைலன்சர், பம்பர், ஹாரன் என்று தனித்தனியாக எழுதினால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதனால் சோதனையில் தப்பிப்பது வாய்ச் சாமர்த்தியத்தில் இல்லை, வீட்டில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் செய்து வைத்ததில் இருக்கிறது.

ஃபிலிம் விஷயத்தில்தான் நம் ஆட்களுக்குக் குழப்பம் அதிகம். மத்திய மோட்டார் வாகன விதி 100, முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் ஃபிலிமே ஒட்டக்கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்குள் இருக்கிற ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று சொன்னது. அந்தச் செய்தியைச் செல்லில் வைத்துக்கொண்டு காளவாசல் சிக்னலில் எஸ்.ஐ.யிடம் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது கோர்ட்டில் பேச வேண்டிய பேச்சு, ரோட்டில் அல்ல.

அதோடு, அளவுக்குள் இருக்கிறோம் என்று நாம் நினைப்பதே பல சமயம் தப்பு. கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சை. சுமார் 75 சதவீதம் வெளிச்சத்தைத்தான் விடும். அதன்மேல் '70 சதவீத ஃபிலிம்' ஒட்டினால் 0.75ஐ 0.70ஆல் பெருக்க வேண்டும்: 52.5. பக்கக் கண்ணாடிக்கு மயிரிழையில் தப்பும், முன்கண்ணாடிக்குத் தேறவே தேறாது. கடைக்காரர் ஃபிலிமின் நம்பரை மட்டும்தான் சொல்வார்.

போலீஸ் நின்ற இடத்திலேயே உரிக்கச் சொன்னால் நகத்தால் கிழிப்பார்கள், பசை அப்படியே நிற்கும். வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. சோப்புத் தண்ணீர் தெளித்து, வெளிப்பக்கம் கறுப்புப் பாலிதீன் விரித்து வெயிலில் ஒரு மணி நேரம் விடுங்கள். மதுரை வெயில் பாதி வேலையைப் பார்த்துவிடும். பின்கண்ணாடியில் டீஃபாகர் (கண்ணாடியில் படியும் பனியை நீக்கும்) கம்பிகள் ஓடும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். பிளேடு வைத்தால் கம்பி அறுந்துவிடும், கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது சைலன்சர். கடைசி டப்பாவை மட்டும் மாற்றினால் பிரச்சினை சத்தத்தோடு நிற்கும். புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (சுருக்கமாக 'கேட்') எடுத்துவிட்டால் புகைச் சான்றிதழும் போச்சு. பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. சுமார் 2,500 ஆர்.பி.எம்.மில் கார்பன் மோனாக்சைடு 0.2, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைக் காட்டும் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில். கேட் இருந்தும் ஃபெயில் ஆகிறதென்றால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, வண்டி சூடாகாமலே பைப்பைச் சொருகியிருப்பார்கள். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராகப் போய் நிற்க வேண்டும். இன்னொன்று, புது எக்ஸாஸ்ட் மாட்டின இடத்தில் கிளாம்ப்போ கேஸ்கெட்டோ சரியாக உட்காராமல் வெளிக்காற்றை இழுக்கும். அப்போது கார்பன் மோனாக்சைடு நன்றாக இருக்கும், லாம்டா மட்டும் 1.05 என்று நிற்கும். மெக்கானிக் சென்சாரை மாற்றச் சொல்வார். முதலில் ஜாயிண்டைப் பாருங்கள்.

சத்தம், புகைக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும், மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோகவும் இடமிருக்கிறது. கழற்றின கம்பெனி சைலன்சரை விற்கவே விற்காதீர்கள். கேட்டில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய இரும்புக் கடைக்காரர் ஆசை காட்டுவார். வண்டி ஸ்டேஷனில் நிற்கிற நாளில்தான் அதன் அருமை தெரியும்.

மற்றவை சுருக்கமாக. நம்பர் பிளேட் எழுத்தின் உயரம் காருக்கு 65 மில்லிமீட்டர், தடிமன் 10, இடைவெளி 10. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியென்றால் உயர்பாதுகாப்பு பிளேட்டைக் கழற்றவே கூடாது, அதன் பூட்டு ஆணியைத் திரும்ப மாட்டவும் முடியாது. பல குரல் ஹாரனும் முன்பக்கக் கம்பி கார்டும் சும்மா போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தும். டயரை மாற்றுவதென்றால் மொத்த விட்டம் மாறாமல் பாருங்கள்: 185/65 ஆர்15க்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது.

நாளும் கிழமையும் முக்கியம். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஊருக்குள் மாற்றுப் பாதைதான். செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன் நிகழ்ச்சிகளை ஒட்டித் தென்மாவட்டச் சாலைகளில் சோதனை கடுமையாக இருக்கும். அந்த நாட்களில் லைட் பார் மாட்டின எஸ்.யு.வி.யில் ராமநாதபுரம் பக்கம் உல்லாசப் பயணம் வைக்காதீர்கள். நத்தம் ரோடு மேம்பாலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து முறுக்குவதும் அப்படித்தான். பந்தயம் என்று 189ஆவது பிரிவில் போட்டால் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை அபராதம், ஜெயிலுக்கும் இடமுண்டு.

கை காட்டினால் இடப்பக்கம் ஒதுங்கி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் உறுமிக்கொண்டே நிற்பதுதான் பல கேஸின் ஆரம்பம். ராத்திரியென்றால் உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை முழுசாக இறக்குங்கள். ஏட்டு ஆனாலும் எஸ்.ஐ. ஆனாலும் "சார்" போதும். "அண்ணே, விட்டுருங்கண்ணே" என்று குழைவது எஸ்.ஐ.க்கு எரிச்சல்தான் தரும். "எங்க மாமா டி.எஸ்.பி." என்று ஆரம்பித்தால் விட நினைத்தவரும் எழுதுவார். டேஷ்கேம் ஓடட்டும், செல்லை முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிக்காதீர்கள்.

காகிதம் செல்லிலேயே காட்டலாம், விதி 139 அனுமதிக்கிறது. ஆனால் டிஜிலாக்கரில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் வருகிற ஆர்.சி.யும் லைசென்ஸும்தான் செல்லும். நீங்களே போட்டோ எடுத்து ஏற்றினது வெறும் போட்டோதான். அழகர்கோவில் மலையடியில் டவர் தகராறு செய்தால் திறக்காது, கிளம்பும் முன்பே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அபராதம் எழுதினால் சலான் நம்பர் கேளுங்கள். எந்தப் பிரிவு, எந்த இடம், எத்தனை மணி என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். கேமரா சலான் என்றால் கணக்கு வேறு: விதி 167ஏ படி நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும், தெளிவான படமும் இருக்க வேண்டும். டி.என்.58ஐயும் 59ஐயும் மெஷின் மாற்றி வாசிப்பது உண்டு. படத்தில் வண்டியின் நிறமும் மாடலும் நம்முடையதா என்று பார்த்து, இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் நம் வண்டிப் படத்தை இணைத்து அனுப்பலாம். ஆர்.சி.யில் பழைய ஓனரின் செல் நம்பரே இருந்தால் எஸ்.எம்.எஸ். அவருக்குப் போகும், பேர் மாற்றப் போகிற அன்றைக்குத்தான் நமக்குத் தெரியவரும்.

வண்டியையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் அலாய் வீல் நான்கு, ஸ்டெப்னி, ஸ்டீரியோ, ஜாக்கி என்று எழுதின பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள், மீட்டரில் ஓடின கிலோமீட்டரையும் சேர்த்துப் படமெடுங்கள். மீட்கும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: கம்பெனி சைலன்சரை மாட்டிக் காட்டு. பழைய போல்ட் துருப்பிடித்திருக்கும். புது கேஸ்கெட்டும் நட்டும் கையோடு கொண்டுபோனால் ஒரு மணி நேரத்தில் முடியும். அபராதம் கட்டின ரசீது வந்ததும் இரண்டு நாள் கழித்துத் தளத்தில் நிலுவை நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கவில்லையென்றால் ரசீதின் பரிவர்த்தனை எண்ணோடு அங்கேயே எழுதிப் போடுங்கள்.