பாலாடையில் 3 மில்லி

கர்ப்பத்தின் 31-வது வாரத்தில் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. முகம் வீங்கி, கண் மங்கி, அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அன்று ராத்திரியே ஆபரேஷன். பெண் குழந்தை, 1,380 கிராம். நேராகக் கீழ்த்தளத்துக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் அவளைப் பார்த்ததே மறுநாள் சாயங்காலம்தான்.

அதற்கு முன்பே, தையல் வலியோடு படுத்திருந்தபோது, ஒரு சிஸ்டர் கையில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்து நின்றார். "பால் எடுக்கலாமாம்மா?"

"பால் எங்க சிஸ்டர் இருக்கு?"

"எடுத்தாத்தான் வரும்."

கட்டைவிரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து தள்ளி, கருவட்டத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி, விட வேண்டும். தோலை இழுக்கக் கூடாது, காம்பைப் பிதுக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். ஊரில் மாடு கறந்து பழகிய கை எனக்கு; அந்தப் பழக்கம்தான் கெடுத்தது. "இது மாடு இல்லம்மா, இழுக்காதீங்க" என்று சிஸ்டர் என் விரலைப் பிடித்து இடம் மாற்றி வைத்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். தேன் நிறத்தில் ஒரு சொட்டு, அடுத்து இன்னொன்று. ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தால் அரை மில்லிகூட இல்லை.

"இவ்வளவுதானா? இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாங்க?" என்றார் அம்மா. சிஸ்டர் முறைத்தார். நோயை எதிர்க்கும் சத்து செறிந்திருப்பது இந்தச் சீம்பாலில்தான், குறைமாதப் பிள்ளைக்கு இது மருந்து மாதிரி என்று சொல்லிவிட்டு, அந்தச் சொட்டைக் குழந்தையின் வாய்க்குள் கன்னத்தில் தடவக் கொண்டுபோனார்.

வயிற்றுக்கு அது போதாதே. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 3 மில்லி குழாய் வழியாகப் போக வேண்டும். தாய்ப்பால் வங்கியிலிருந்து தரலாமா என்று கேட்டு, கையெழுத்து வாங்க ஒரு தாள் நீட்டினார்கள். அம்மாவுக்கு மனசே இல்லை. "யார் பாலோ, எவர் பாலோ." என் அத்தைதான் பேசினார்: "உங்க மாப்பிள்ளையே எதிர்வீட்டு அக்காகிட்ட குடிச்சு வளர்ந்தவன்தான். நான் டைஃபாய்டுல கிடந்தேன், அவதான் கொடுத்தா." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கொடுக்கிற அம்மாவுக்கு எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் சோதித்துத்தான் பாலை வாங்குவார்கள், 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கி, குளிரவைத்துத்தான் தருவார்கள். அந்தச் சூட்டில் கொஞ்சம் எதிர்ப்புச் சத்து போய்விடும் என்பதால் என் பால் வரவர அதைத்தான் முதலில் கொடுப்போம் என்றார்கள். பவுடர் பாலைவிட இது குறைமாதக் குழந்தையின் குடலுக்குப் பாதுகாப்பு என்பது, பக்கத்துப் பெட்டிக் குழந்தை குடல் அழற்சியில் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் அலாரம் வாழ்க்கை. நாளுக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும், ராத்திரி 2 மணித் தடவையை மட்டும் விடக் கூடாது. பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ஒவ்வொரு தடவையும் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும். கர்ப்பப்பை சுருங்குகிறது, நல்லதுதான், உதிரப்போக்கு குறையும் என்றார்கள். நல்லதாம்! பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். வார்டில் பார்க்க வந்த ஒருவர், "குழந்தை சப்பாம பால் எப்படி நிக்கும்? வத்திரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பாதிதான் வந்தது. மறுநாள் சிஸ்டர் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவளைப் பார்த்துக்கொண்டே எடுக்கச் சொன்னார். 15 மில்லி. நான்காம் நாள் பால் கட்டி, மார்பு கல்லாகி, வெந்நீர்த் துணி ஒற்றடம் கொடுத்தபோது அழுதேன் என்றாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பால் ஊறக் காரணம் அம்மா கொண்டுவந்த சுறாப்புட்டும் பூண்டுக் குழம்புமா, நாற்காலியா என்று வீட்டில் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

உடம்பு தேறியதும் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு. நான் சாப்பிடப் போகும்போது என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். முதல் நாள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கட்டில்காரர்களிடம் கிரிக்கெட் பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

கர்ப்பக் கணக்கில் 33-வது வாரத்தில் குழாய் போய், பால் புகட்டும் பாலாடை வந்தது. என் அம்மாச்சி வீட்டுப் பரணில் கிடக்கிற அதே சங்கு வடிவம், எவர்சில்வரில். அதன் மூக்கை உதட்டோரம் வைத்தால் அவளே நாக்கை நீட்டி நக்குவாள். 10 மில்லிக்கு அரை மணி நேரம். சப்ப, விழுங்க, மூச்சுவிட மூன்றையும் ஒன்றாகச் செய்ய அவளுக்கு இன்னும் வரவில்லை. 35-வது வாரத்தில் மார்பில் போட்டபோது நாலு சப்பு, ஒரு தூக்கம். காதுக்குப் பின்னால் தடவினால் இன்னும் நாலு. அகலமாக வாய் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்விய அன்றைக்குத்தான் 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. 36-ஆம் நாள் வீட்டுக்கு வந்தோம், 1,840 கிராம்.

அவள் குடித்தது போக எனக்கு மிஞ்ச ஆரம்பித்தது. அடுத்த செக்கப்புக்குப் போனபோது வங்கியில் கேட்டேன். ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வந்த பிறகு கூப்பிட்டார்கள். எடுத்த பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டினேன். யாருக்குப் போகும் என்று சொல்ல மாட்டார்கள்.

"எவ்வளவு கொடுத்த?" என்றார் அத்தை, பஸ்ஸில்.

"60 மில்லி."

அத்தை விரல்விட்டு எண்ணினார். "3 மில்லின்னா, இருபது தடவைக்கு ஆச்சு."