காதுகுத்துக்குப் போன டெலஸ்கோப்

சொந்தக்கார விசேஷம் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் என் வீட்டுக்காரர் ரங்கமணிக்கு. அப்பேர்ப்பட்டவர், நாத்தனார் பேத்தி காதுகுத்துக்கு "முதல் நாளே கிளம்பிடலாம், அக்கா தனியா கஷ்டப்படும்" என்றார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. ராம்நாட்டில் போய் டிக்கியைத் திறந்தால், பழத்தட்டுகளுக்கு அடியில், என் பட்டுப்புடவையில் சுற்றி, முக்காலியோடு படுத்திருக்கிறது டெலஸ்கோப்.

"என்னங்க இது?"

"இந்தப் பக்கம் குளிர்காலத்துல கிராப் ப்ளோவர்னு ஒரு பறவை வரும். ஒண்ணு பார்த்தா போதும், நூறு சதவீதம்!"

பார்த்த பறவையை எல்லாம் இவர் ஏற்றிவைக்கும் எக்செல் பற்றி உங்களிடம் நிறையவே புலம்பியாயிற்று. ஆனால் அது இப்போது முற்றிவிட்டது. முன்பெல்லாம் பார்த்த பறவையின் பெயரை எழுதுவதோடு சரி. இப்போது குடும்பவாரிக் கணக்கு. உலகத்தில் உயிரோடு இருக்கும் பறவை இனங்கள் 11,000 பக்கம்; அவற்றைப் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் பிரித்து வைத்திருக்கும் குடும்பங்கள் 250 பக்கம். குடும்பத்துக்கு ஒரு வரி. அதில் மொத்தம் எத்தனை, இவர் பார்த்தது எத்தனை, எத்தனை சதவீதம். நூறு ஆனால் வரி பச்சையாகிவிடும். அந்தப் பச்சைக்காகத்தான் இந்த மனுஷன் உயிர் வாழ்கிறார்.

இதில் பெரிய குடும்பங்கள் இவருக்கு ஆகாது. அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டாத ஈப்பிடிப்பான் வகை ஒன்று, 400 இனங்களுக்கு மேல். இவர் கணக்கில் பூஜ்யம். காக்கைக் குடும்பத்தில் 130 சொச்சம். வீட்டுக் காக்கை, அண்டங்காக்கை, வால்காக்கை, வால்பாறையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பார்த்த வெண்வயிற்று வால்காக்கை, ஆக நாலு. "நான் தெனம் சோறு வெக்கிறேன், மூணு பர்சன்ட்டுதானா?" என்று அத்தைக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

இவருக்குப் பிடித்ததெல்லாம் ஒரே இனம் மட்டும் இருக்கிற ஒற்றை ஆள் குடும்பங்கள். விராலடிப்பான் அப்படித்தான். வைகை அணையில் அது மீனைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தார், ஒரு குடும்பத்தையே முடித்துவிட்டார். வேறு சில பட்டியல்களில் ஆஸ்திரேலியப் பக்கத்து விராலடிப்பானைத் தனி இனமாக வைத்து, நூறை ஐம்பதாக்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

2024-ல் கூகைக்குப் பாகப்பிரிவினை நடந்தபோது நீங்கள் இவரைப் பார்த்திருக்க வேண்டும். உலகம் முழுக்க ஒன்றாக இருந்த கூகையை அமெரிக்கா, மேற்கு, கிழக்கு என்று மூன்றாக்கிவிட்டார்கள். நம்ம ஊர்க் கூகை கிழக்கில் சேர்ந்தது. இவர் பார்த்தது அதே ஒன்று, மொத்தம் மட்டும் ஏறிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனுக்குச் சதவீதம் இறங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி ரெண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

அழிந்துபோன இனங்களை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும். இந்த விதியை அவரே சொல்லும்போது கொஞ்சம் கூசும் போல, குரல் இறங்கிவிடும். ஹவாய்த் தீவுகளில் ஒரு குடும்பம் இருந்ததாம். மொத்தம் ஐந்து இனம், ஐந்தும் போய்விட்டன. 1987-ல் கவாய்த் தீவில் கடைசியாக ஒன்றின் குரல் கேட்டதோடு சரி. இவர் பார்த்தது பூஜ்யம், இருப்பதும் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று அந்தக் கட்டத்தில் எக்செல் பிழை காட்டுகிறது. "அந்த வரிய எடுத்துட வேண்டியதுதானே?" என்றேன். முறைத்தார். எடுக்கவில்லை.

சரி, கிராப் ப்ளோவர். அதுவும் ஒற்றை ஆள்தான். கறுப்பு வெள்ளை உடம்பு, நண்டை உடைக்கிற தடித்த அலகு. மணலில் வளை தோண்டி உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டை இடுமாம். அரபு நாட்டுக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் கொஞ்சம் வந்து போகும். அதிலும் தீவுகளில்தான் தோது. ஆனால் அங்கே நினைத்தபடி கால் வைக்க வனத்துறை விடாது. அதனால் கரையில் நின்று பார்க்கப்போகிறாராம்.

குழந்தை வீரிட்டு அழுது, தோடு ஏறி, கிடா விருந்தில் முதல் பந்தி உட்கார்ந்தது. எனக்கு நல்லி எலும்பு வைத்த நேரம் பார்த்து, "கிளம்பு, வெயில் சாயறதுக்குள்ள தனுஷ்கோடி போயிடணும்." அத்தையும் கோபமாகத்தான் காரில் ஏறினார், ஆனால் முன் சீட்டில்.

தனுஷ்கோடியில் தண்ணீருக்குள் கூட்டம் கூட்டமாகப் பூநாரை. ரோஸ் கலரில், தலைகீழாகத் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன. அத்தைக்குக் கோபமெல்லாம் போய், "இங்க பாரேன், இங்க பாரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரங்கமணி ஒருதரம்கூடத் திரும்பவில்லை. "அது ஏறியாச்சு. உலகத்துல ஆறு, இந்தியாவுல ரெண்டு, ரெண்டும் முடிச்சாச்சு. மிச்ச நாலு அமெரிக்கப் பக்கம்." கோபுரம் எண்ணியாகிவிட்டது, சாமி எதற்கு என்கிற மாதிரி. மேலே இருக்கிறவன் இத்தனையும் எதற்கு அனுப்பினான், சதவீதம் போடவா?

கடற்காக்கைகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோழி விற்கிற அம்மா வந்து, "என்ன சார், என்னத்தத் தொலைச்சீக?" என்றது. "புத்தியத்தான்" என்றார் அத்தை. கிராப் ப்ளோவர் வரவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து மொய்க் கணக்கை ஏற்றலாம் என்று அவர் மடிக்கணினியைத் திறந்தேன். பறவை ஃபைல் திறந்தபடியே கிடந்தது. அதில் இரண்டாவதாக ஒரு ஷீட், என் பெயரில். நான் இவரோடு போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற குளம், கண்மாய், காடு எல்லாம் அதில் இருக்கிறது. அழகர்கோவிலில் நான் எறும்புக்கடியில் கத்தியதால் பறந்துபோன ஆறுமணிக் குருவியைக்கூட எனக்கு எழுதிவைத்திருக்கிறார். எல்லா வரியிலும் நான் அவருக்குச் சமம், இல்லை குறைவு.

ஒரு வரி தவிர. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கிற ஹம்மிங்பேர்ட் குடும்பம், 360-க்கு மேல். அண்ணி பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போயிருந்தபோது, பால்கனியில் அண்ணன் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீருக்கு ஒன்று வந்தது. ஏதோ வண்டு என்று நினைத்தேன். வீடியோ அனுப்பினால், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்காமல், "தொண்டை சிவப்பா இருந்துச்சா?" என்று கேட்ட மனுஷன். அதை எனக்கு 0.3 என்று போட்டு, மஞ்சள் அடித்து வைத்திருக்கிறார். அவர் கட்டத்தில் 0.

நான் பார்த்துவிட்டதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை தூக்கல். "உங்க அண்ணன் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்ல, பாவம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியபோது லீவு கிடைக்காது, விசா கிடைக்காது, குளிர் ஒத்துக்காது. இப்போது, "மே மாசம் போலாமா? குளிர்காலத்துல அது தெக்க போயிடும்."

அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். "மாப்பிள்ளை வர்றாரா? நெசமாவா?" என்று அண்ணி வரைக்கும் கூப்பிட்டுச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். மாடி ரூமுக்கு ஏசி போடப்போகிறானாம். பால்கனியில் தொங்கும் டப்பாவைக் கழுவி வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.