யேபுன் லேசர் நாட்குறிப்பு: பரனாலில் ஏழு இரவுகள்

ஜூலை 25

இன்று முதல் ஏழு இரவுகள் யேபுன் தொலைநோக்கியின் லேசரை இயக்கும் பொறுப்பு என்னுடையது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 2635 மீட்டர் உயரமுள்ள பரனால் உச்சியில் நிற்கும் நான்கு பெருந்தொலைநோக்கிகளுள் இது ஒன்று. முதன்மை ஆடியின் விட்டம் 8.2 மீட்டர். 2016 ஏப்ரலில் முதன்முதலாக ஒருசேர ஒளிர்ந்த அதன் நான்கு லேசர்கள், ஒவ்வொன்றும் 22 வாட் திறனுடன், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள மஞ்சள் கற்றையை வானுக்கு அனுப்புகின்றன. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கும் சோடியம் அணுக்கள் அந்த 589 நானோமீட்டர் ஒளியை ஏற்றுத் திரும்ப உமிழ்வதால் நான்கு செயற்கை விண்மீன்கள் தோன்றுகின்றன. கீழ்க்காற்று சிதறடிப்பதால் கற்றை நம் கண்ணுக்குத் தெரிகிறது; அந்தச் செயற்கை விண்மீன்களோ வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைக் கேட்கும் விருந்தினர்கள் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். எனக்கு அதுவே வியப்பாக இருக்கிறது.

ஜூலை 26

முன்னிரவில் விருச்சிகத்திலுள்ள என்ஜிசி 6388 என்னும் கோளக்கொத்தின், அதாவது உருண்டையாய்த் திரண்ட விண்மீன் கூட்டத்தின், நடுப்பகுதியைப் பார்த்தோம்; படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை தரும் மியூஸ் கருவியை, சிறு பரப்பை நுணுக்கமாகக் காட்டும் குறும்புல முறையில் இயக்கினோம். செயற்கை விண்மீன்களின் ஒளி காற்றால் எப்படி நெளிந்திருக்கிறது என்பதை அலைமுகப்பு உணரிகள் அளக்க, சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனே உள்ள துணை ஆடியை அதன் பின்னாலுள்ள 1170 இயக்கிகள் நொடிக்கு ஆயிரம் முறை வரை வளைத்து அந்த நெளிவை நீக்குகின்றன.

ஆனால் ஒன்றை மட்டும் லேசரால் சொல்ல முடியாது. கற்றை மேலே செல்லும் வழியிலும் காற்று அதை அலைக்கழிப்பதால், புள்ளி வானில் சரியாக எந்த இடத்தில் விழுந்தது என்று அறிய வழியில்லை. திரும்பி வரும் ஒளி ஆடினால், ஆடியது புள்ளியா, நம் தலைக்கு மேலுள்ள காற்றா என்று பிரித்தறிய இயலாது. அதற்கு, பார்க்கும் இடத்தை ஒட்டியே ஓர் இயற்கை விண்மீன் வேண்டும். நான் தேர்ந்த விண்மீனுக்கு மிக அருகில் இன்னொன்று ஒட்டியிருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்த இயற்கை விண்மீனைப் பின்தொடரும் அகச்சிவப்பு உணரி இரண்டுக்கும் இடையே தடுமாறியது. நாற்பது நிமிடம் வீணாயிற்று. கொத்தின் நடுவே நெரிசல் இருக்கும் என்று தெரிந்திருந்தும் நேர்ந்த என் பிழை இது. வேறொரு விண்மீனுக்கு மாறியதும், ஒரே மங்கலாகத் தெரிந்த இடத்தில் தனித்தனி விண்மீன்கள் பிரிந்து நின்றதைத் திரையில் கண்டபோது தொண்டை அடைத்தது.

ஜூலை 28

நள்ளிரவுக்குப் பின் மெல்லிய கீற்றுமுகில். உணரிகளுக்கு வரும் ஒளி சரிந்தது. முகிலில் பட்டுச் சிதறிய மஞ்சள் ஒளி வேறு கலந்தது. லேசரை மூடிவிட்டு, அது தேவைப்படாத பணிகளுக்கு மாறினோம்.

ஜூலை 30

தென் கும்ப எரிகற்கள் மிகுந்து விழும் இரவு. சோடியம் படலமே எரிகற்களின் கொடைதான். ஆயினும் இத்தகைய பொழிவை விட, ஆண்டு முழுவதும் ஓயாமல் வந்து எரியும் விண்தூசியே அதைப் பெரிதும் நிரப்புகிறது. தென்பாதியில் குளிர்காலத்தில் படலம் செறிந்திருப்பதால் இந்த மாதத்தில் எங்கள் விண்மீன்கள் நன்றாகவே ஒளிர்கின்றன. ஆனால் படலம் ஓரிடத்தில் நிற்பதில்லை; அதன் உயரம் மாறும்போதெல்லாம் குவியமும் மாறுகிறது. தொலைநோக்கி தலைக்கு நேர் மேலிருந்து 60 பாகை சாய்ந்தாலோ படலத்துக்குள்ள தொலைவே இரு மடங்காகிறது. இந்த மாற்றத்தைச் சரிபார்க்கவும் இயற்கை விண்மீனையே நாட வேண்டியிருக்கிறது.

சோடியத்தைப் பயன்படுத்தும் யோசனையை வில் ஹாப்பர் 1982-இல் அமெரிக்க இராணுவ ஆய்வுக்காக முன்வைத்தார். அது 1991 வரை மறைவாகவே இருந்தது. இடையில் 1985-இல் ஃபுவா, லாபெரி என்னும் பிரெஞ்சு வானியலாளர்கள் இருவர் லேசர் விண்மீன் என்னும் கருத்தைத் தாமாகவே கண்டு வெளிப்படையாக எழுதினார்கள். அறிவைப் பூட்டி வைத்த அந்த ஆண்டுகளை எண்ணினால் இன்றும் மனம் வருந்துகிறது.

ஜூலை 31

கடைசி இரவு. கொத்தின் நிறமாலையைப் பார்த்தேன். லேசர் ஒளி கருவிக்குள் புகாதிருக்க 589 நானோமீட்டரை ஒட்டிய பகுதி வடிகட்டப்பட்டிருப்பதால் அங்கே ஓர் இடைவெளி. அதைத் தாண்டி 648, 683 நானோமீட்டருக்கு அருகே வான்பொருள் எதற்கும் உரியவையல்லாத கோடுகள். நம் காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளில் பட்டு ராமன் சிதறல் அடைந்த, அதாவது அலைநீளம் மாறிச் சிதறிய, எங்கள் லேசர் ஒளியே அவை. கற்றை பிறப்பதும் அதே விளைவால்தான்: கண்ணாடி இழைக்குள் ராமன் முறையில் பெருக்கப்படும் 1178 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண்ணை இரட்டித்தே 589 பெறப்படுகிறது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவு, இங்கே ஒளியை ஆக்கவும் செய்கிறது, தரவில் கறையாகப் படியவும் செய்கிறது. அந்த இரு கோடுகளையும் நீக்க வேண்டிய இடங்களைக் குறித்து, ஒட்டிய துணை இல்லாத வழிகாட்டி விண்மீன்களின் பட்டியலையும் சேர்த்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தேன்.