‘முழுவதும்’ என்ற சொல்லைத் தாண்டிப் போனதால் போன ரேங்க்

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் மறையூரிலிருந்து மூணாறு போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையால் எழுதிய அட்டையை மனப்பாடம் செய்துகொண்டேதான் கேரள பி.எஸ்.சி. நடத்தும் எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) தேர்வுக்கு முதல் முறை போனேன். கே2 8611 மீட்டர், கஞ்சன்ஜங்கா 8586, நந்தா தேவி 7816, காமெட் 7756 என்று இறங்குவரிசையில் இருபது சிகரங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே மலை மலையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அட்டையை விட்டுத் தலை நிமிரவில்லை.

கேள்வி வந்தது. ‘முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த மிக உயரமான சிகரம் எது?’ கண்ணில் பட்டது ‘மிக உயரமான’ மட்டும்தான். சந்தோஷமாகக் கஞ்சன்ஜங்காவைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். விடை நந்தா தேவி. ஒரு மார்க் போனதோடு, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கும் கழிந்தது. அந்த முறை ரேங்க் லிஸ்டில் நான் இல்லை. அந்த ஒரு கேள்வியால் மட்டும் இல்லை, சரி. ஆனால் அதே மாதிரி அவசரத்தில் விட்டவை இன்னும் நான்கைந்து இருந்தன.

அதன் பிறகு அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு வேலி போட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த வேலிக்குள் இது பெரியது? கஞ்சன்ஜங்கா சிக்கிம், நேபாள எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது, பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. நந்தா தேவி உத்தராகண்டுக்குள் முழுதாக இருக்கிறது. காரகோரத்தில் உள்ள கே2 நம் அரசு வரைபடத்தில் இந்தியாவுக்குள் வரும், ஆனால் இருப்பது பாகிஸ்தான் பிடியில் உள்ள பகுதியில். பழைய வினாத்தாள்களில் அதையே காட்வின் ஆஸ்டின் என்று போட்டுக் குழப்புவார்கள். ‘இந்தியாவின் உயர்ந்த சிகரம்’ என்று மொட்டையாகக் கேட்டால் நான்கு விருப்பங்களையும் படித்த பிறகே பேனாவை எடுங்கள். கே2 அங்கே இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இல்லையென்றால் கஞ்சன்ஜங்கா.

உயர எண்களில் ரொம்ப நேரத்தைக் கொட்ட வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் அட்டவணையில் கஞ்சன்ஜங்கா 8598, மற்ற இடங்களில் 8586. எவரெஸ்டுக்கு 8848 என்று படித்து வளர்ந்தோம், 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8848.86 என்று அறிவித்தன. விருப்பங்கள் அவ்வளவு நெருக்கமாக வருவது அபூர்வம், வரிசை தெரிந்தால் போதும்.

ஆனால் புத்தகமும் நிலமும் முரண்படும் இடங்கள் இரண்டு உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சிகரம் என்று ஒடிசாவின் மகேந்திரகிரியை (1501) அதே புத்தகம் சொல்கிறது. ஆந்திராவில் பாடேறு பக்கம் இருக்கும் ஜிந்தகடா 1690 மீட்டர். விருப்பத்தில் ஜிந்தகடா என்ற பெயர் இருந்தால், கேள்வி எழுதியவர் அதைத் தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார் என்று பொருள். அதையே தொடுங்கள். இல்லையென்றால் மகேந்திரகிரிதான். இன்னொன்று நம்ம வீட்டுச் சண்டை. தென்னிந்தியாவின் உயரமான சிகரம் எங்கள் ஆனைமுடி (2695), அதற்கு அடுத்தது நீலகிரியின் தொட்டபெட்டா (2637) என்று எல்லாரும் எழுதுவார்கள். மூணாறு பக்கத்து மீசைப்புலிமலை 2640. மூன்றே மீட்டர்தான், இருந்தாலும் இடுக்கிக்காரன் எனக்கு அது உறுத்தும். உறுத்தலை வீட்டில் வைத்துவிட்டு, விருப்பங்களைப் பார்த்து விடை எழுதுங்கள்.

இரண்டாம் முறை தயாரித்தபோது எனக்கு உண்மையில் கை கொடுத்தது இந்த வேலி மட்டும் இல்லை, எங்கள் வீட்டு வாசல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூணாறில் கொட்டிக்கொண்டிருக்கும். நாற்பது கிலோமீட்டர் இறங்கி மறையூர் வந்தால் கரும்புக் காட்டில் தூறல்தான். இன்னும் கீழே சின்னாறு செக்போஸ்ட்டை நெருங்கும்போது இது கேரளாதானா என்று சந்தேகம் வரும், இரண்டு பக்கமும் முள்காடு. ஆனைமுடி மேகத்தைத் தடுத்து மேற்கே பிழிந்துவிடுகிறது, நமக்கு ஈரம் போன காற்றுதான் மிச்சம். ‘மழை மறைவுப் பகுதி’ என்று பத்து முறை எழுதிப் படித்தவன், உடுமலை பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

தண்ணீரையும் அப்படியே தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஆனைமுடிக்கு மேற்கே விழும் மழை பெரியாறு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது பாம்பாறாகி, தூவானத்தில் அருவியாக இறங்கி, அமராவதியில் சேர்ந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் கலந்து வங்கக்கடலுக்குப் போகிறது. ஒரே மலை, இரண்டு கடல். கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்று, கபினி, பவானி, பாம்பாறு. இது பி.எஸ்.சி.யில் சலிக்காமல் கேட்கும் கேள்வி. மறையூர்ப் பிள்ளைகள் இதைத் தப்பாக எழுதக் கூடாது.

இந்தப் பழக்கத்தை இமயமலைக்குக் கொண்டுபோனபோது பெயர்கள் தானாக ஒட்டிக்கொண்டன. கஞ்சன்ஜங்காவிலிருந்து ஜெமு பனியாறு, அது ஊட்டுவது தீஸ்தா. நந்தா தேவியைச் சுற்றிய பனி ரிஷிகங்காவாகி, தௌலிகங்காவில் சேர்ந்து, அலக்நந்தா வழியே கங்கைக்கு வருகிறது. 2021 பிப்ரவரி 7ஆம் தேதி சமோலியில் வெள்ளம் வந்தது இதே ரிஷிகங்காவில்தான். நடப்பு நிகழ்வும் புவியியலும் ஒரே வரியில் வந்துவிட்டன பாருங்கள்.

உயரம் இருந்தால் மழை வரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆரவல்லியின் குரு சிகார் 1722 மீட்டர், இருந்தும் ராஜஸ்தான் காய்கிறது. அரபிக்கடல் காற்று வரும் திசையிலேயே அந்த மலைத்தொடரும் நீண்டு கிடப்பதால் காற்று பக்கவாட்டில் நழுவிப் போய்விடுகிறது. நம் மலை காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. இரண்டாம் தேர்வில் ஆரவல்லி பற்றி ஒரு கூற்று, காரணம் கேள்வி வந்தது. கண்ணை மூடி எங்கள் வாசலை நினைத்துக்கொண்டு எழுதினேன், சரியாக இருந்தது.

கஞ்சன்ஜங்கா கதையை அம்மாவிடம் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எவரெஸ்டை அளந்து முடிக்கும்வரை அதைத்தான் உலகின் உயரமான மலை என்று நினைத்திருந்தார்கள். 1955இல் முதலில் ஏறியவர்கள், சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் என்பதால் உச்சியை மிதிக்காமல் சற்றுக் கீழேயே நின்றுவிட்டார்கள். “பின்னே, சாமி தலைமேல ஏறி நிப்பாங்களா?” என்றார் அம்மா, கரும்புச் சக்கையைக் காயப் போட்டபடி. வேறு எந்தக் குறிப்பும் எனக்கு இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை.

தமிழ்வழியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. புத்தகங்கள் குறைவுதான், ‘ரேங்க் ஃபைல்’ என்கிற மலையாளத் தேர்வு வழிகாட்டிப் புத்தகத்தைத் தொடாமல் முடியாது. அதில் ‘கொடுமுடி’ என்று வந்தால் ஈரோட்டுப் பக்கத்து ஊரை நினைத்துப் பயப்பட வேண்டாம், சிகரத்துக்கு அவர்கள் சொல் அது. பழைய தமிழிலும் மலையுச்சிக்கு அந்தப் பெயர் உண்டு. நான் உடுமலைப் பழைய புத்தகக் கடையில் தமிழ்நாட்டுச் சமூக அறிவியல் புத்தகங்களையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

இப்போது எழுத்தராக வேலை பார்க்கிறேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி நோட்டோடு வருவான். போன வாரம் அந்தமானின் உயர்ந்த சிகரம் சாடில் பீக், 732 மீட்டர் என்று சொன்னேன். எழுதாமல் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“அண்ணே, அப்ப நம்ம கரும்புக்காடே அதைவிட மேல இருக்குல்ல?”

மறையூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.